உருக்கைத் தேடியவர்: ஜோசையா மார்ஷல் ஹீத்

மாணவர்களே, நம் காக்ஸ் டவுனுக்கு அருகில் பெங்களூரு கிழக்குத் தொடர்வண்டி நிலையம் இருக்கிறது. அந்த வழியே செல்லும் வண்டிகளில் சில, பங்காருப்பேட்டையையும் சோலையார்பேட்டையையும் கடந்து சேலத்தைச் சென்றடைகின்றன. கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்குச் செல்லும் உங்களுள் பலர் அவ்வண்டிகளில் பயணம் செய்திருப்பீர்கள். சேலத்தைத் தாண்டி ஈரோடு நோக்கிச் செல்லும்போது, சன்னலின் வழியே நெடிதாகக் கிடக்கும் ஒரு மலையைக் காணலாம். அதன் பெயர் கஞ்சமலை. காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் ஒட்டிக்கொள்ளும் கருநிறக் கற்கள் அம்மலையில் மிகுதி. அவை இரும்புத் தாது நிறைந்த கற்கள்.

அந்தக் கற்களை நம்பித் தம் பதவியை விட்டவர், செல்வத்தை இழந்தவர், கடைசியில் வேற்றூர் வழக்குமன்றங்களில் வாழ்நாளைக் கழித்தவர் ஓர் ஆங்கிலேயர். இப்பாடம் அவருடைய வாழ்க்கையைக் கூறுகிறது. அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்தவர். சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரியாக அமர்த்தப்பட்டார். அக்காலத்தில் வணிக அதிகாரியின் முதன்மையான வேலை, நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி நெய்யச்செய்து, அத்துணியைக் கம்பெனியின் கப்பல்களுக்கு அனுப்பிவைப்பதாகும். சேலம் அன்றும் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆகவே ஹீத் நாள்தோறும் தறிகளையும் நூலையும் கணக்கேடுகளையும் பார்த்துக்கொண்டே வாழ்ந்திருக்கலாம். ஊதியத்துக்குக் குறைவில்லை. சில ஆண்டுகள் பணிபுரிந்து, பொருள் சேர்த்துக்கொண்டு, தாய்நாட்டுக்குக் கப்பலேறி ஓய்வாக வாழ்வதே அன்றைய கம்பெனி அதிகாரிகள் பலரின் கனவு. ஹீத்தின் கண்கள் தறியில் நிற்கவில்லை. பறவைகளையும் விலங்குகளையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதே கூர்மையுடன், சிற்றூர்களின் ஓரத்தில் புகைந்துகொண்டிருந்த மண் உலைகளையும் அவர் நோக்கினார்.

அந்த உலைகளைப் பற்றிச் சிறிது விரிவாகவே அறிந்துகொள்வோம். ஹீத்தைக் காட்டிலும் அவ்வுலைகளே இப்பாடத்தின் உயிர் என்பது என் எண்ணம்.

சேலம் பகுதி மக்கள் தாதுக்கல்லை இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசி, மண்ணையும் மணலையும் நீக்கிவிடுவார்கள். எடை மிகுந்த கரும்பொடி அடியில் தங்கும். மூன்று முதல் ஐந்து அடி உயரமுள்ள களிமண் உலையில் மரக்கரியை நிரப்பித் தீமூட்டுவார்கள். ஆட்டுத்தோலால் செய்த இரண்டு துருத்திகளை ஒருவர் மாறிமாறி அமுக்க, மூங்கில் குழாயின் வழியே உலைக்குள் காற்று இடைவிடாமல் பாயும். மேலிருந்து தாதுப்பொடியும் கரியும் மாறிமாறிச் சொரியப்படும. சில மணிநேரம் கழித்து உலையின் முன்பக்கத்தை உடைத்துச் செந்தழலாய் ஒளிரும் இரும்புக் கட்டியை வெளியே இழுப்பார்கள். அதைச் சம்மட்டியால் அடித்துக் கசடு நீக்குவார்கள். ஒரு நாள் முழுவதும் உழைத்தாலும் கிடைப்பது சில கிலோ இரும்புதான். எனினும் அது தூய இரும்பு.

அந்த இரும்பை உருக்காக மாற்றும் முறை இன்னும் வியப்பூட்டுவது. களிமண்ணால் செய்த சிறிய மூசைக்குள் இரும்புத் துண்டுகளை இடுவார்கள். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உலர்ந்த ஆவாரங்குச்சிகளை நறுக்கிப் போடுவார்கள். அவற்றின்மேல் எருக்கிலை போன்ற பச்சிலைகளை வைத்து, மூசையின் வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாதவாறு அடைத்துவிடுவார்கள். இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, இரண்டரை மணிநேரம் ஊதுவார்கள். மூசை ஆறியபின் அதை உடைத்தால் உள்ளே உருக்கு உருண்டை கிடைக்கும்.

ஆவாரையும் எருக்கும் நம் ஊர்ப்புறத்துச் செடிகள். சாலையோரத்தில் இன்றும் காணலாம். மஞ்சள் பூப் பூப்பது ஆவாரை. கிள்ளினால் பால் வடிவது எருக்கு. குச்சியிலும் இலையிலும் உள்ள கரிமம், மூடிய மூசைக்குள் இரும்போடு கலக்கிறது. கரிமம் அளவோடு கலந்த இரும்பே உருக்கு. கரிமம், வேதியியல் என்னும் சொற்களை அம்மக்கள் அறிந்திருக்கமாட்டார்கள். எந்தக் குச்சியை எவ்வளவு போடவேண்டும் என்பதை மட்டும் பிழையின்றி அறிந்திருந்தார்கள்.

இந்த உருக்கு தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரியதன்று. ஈரோட்டை அடுத்துள்ள கொடுமணலில், சங்ககாலத்து மக்கள் இரும்பும் உருக்கும் செய்ததற்கான தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. நாம் வாழும் கருநாடகத்திலும் இக்கலை இருந்தது. 1800ஆம் ஆண்டில் மைசூர் நாட்டைச் சுற்றிப்பார்த்த பிரான்சிஸ் புக்கனன், பெங்களூருவுக்கு மேற்கே மாகடிப் பகுதியில் உருக்குச் செய்தவர்களைப் பற்றி எழுதிவைத்துள்ளார். கன்னடத்தில் உருக்கை 'உக்கு' என்பார்கள். உங்கள் கன்னட நண்பர்களைக் கேட்டுப்பாருங்கள். 'உருக்கு', 'உக்கு' என்னும் சொற்களின் வழியாகவே ஆங்கிலத்தில் 'வூட்ஸ்' என்னும் பெயர் தோன்றியது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இந்த வூட்ஸைப் பற்றி இலண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை வழங்கினார். மின்னாற்றல் ஆய்வுகளால் பின்னாளில் புகழ்பெற்ற மைக்கேல் பாரடேயும் இளமையில் இவ்வுருக்கை ஆராய்ந்தார்.

இங்கிலாந்தில் உருக்கைப் பற்றி இவ்வளவு ஆவல் ஏன்? அந்நாட்டில் நிலக்கரி ஏராளம்; இரும்பும் ஏராளம். ஆனால் நிலக்கரியால் உருக்கிய இரும்பில் கந்தகம் கலந்துவிடும். கந்தகம் கலந்த இரும்பு, சூடாக்கி அடிக்கும்போது விரிசல் விடும். அதிலிருந்து நல்ல கத்தியோ சவரக்கத்தியோ உளியோ செய்ய இயலாது. ஷெபீல்டு நகரத்து உருக்குத் தொழிலாளர்கள் சுவீடன் நாட்டிலிருந்து மரக்கரியால் உருக்கிய தூய இரும்பை மிகுந்த விலைகொடுத்து வாங்கி, அதிலிருந்துதான் உருக்குச் செய்தார்கள். அந்நகரின் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், 1740களில் மூசையில் உருக்கை உருக்கும் முறையை அங்கே வகுத்திருந்தார். முறை கையில் இருந்தது. தூய இரும்பு கையில் இல்லை.

ஹீத் கணக்குப் போட்டார். சேலத்தில் தாது மலைமலையாகக் கிடக்கிறது. சுற்றிலும் காடு இருக்கிறது, மரக்கரிக்குக் குறைவில்லை. வேலைக்கு ஆள் இருக்கிறது. சிறிய மண் உலைகளுக்குப் பதிலாக ஐரோப்பாவில் உள்ளவை போன்ற பெரிய ஊது உலைகளை அமைத்தால், சுவீடன் இரும்புக்கு ஈடான இரும்பைக் குறைந்த செலவில் உருவாக்கி ஷெபீல்டுக்கு அனுப்பலாம். காகிதத்தில் இக்கணக்கில் பிழையே இல்லை.

1825இல் ஹீத் கம்பெனிப் பணியைத் துறந்தார். அப்போது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் சர் தாமஸ் மன்றோ. ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு உருவாக்கும் தனியுரிமையை மாகாண அரசிடம் ஹீத் வேண்டிப் பெற்றார். அரசு அவருக்குக் கடனும் கொடுத்தது. தாம் சேர்த்துவைத்திருந்த பொருளையும் அவர் இத்தொழிலில் இட்டார்.

உலைக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பரங்கிப்பேட்டை. இன்றைய கடலூர் மாவட்டத்தில், வெள்ளாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் உள்ள பழைய துறைமுக ஊர் அது. போர்ச்சுகீசியர் அதற்குப் புதுத்துறை என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்று பெயரிட்டனர். 1781இல் ஐதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயப் படைக்கும் பெரும்போர் நிகழ்ந்ததும் அவ்வூரின் அருகில்தான். இன்று அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது.

ஏறத்தாழ 1830இல் பரங்கிப்பேட்டை ஆலை தோன்றியது. உருவான இரும்பைக் கப்பலேற்றக் கடற்கரை ஊரே ஏற்றது என்று ஹீத் கருதியதில் வியப்பில்லை. ஆனால் தாது இருப்பது சேலத்து மலைகளில். உலை இருப்பது கடலோரத்தில். படத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ மாகாணத்தின் பாதி அகலம். தொடர்வண்டி அப்போது இந்தியாவில் இல்லை. அது சென்னைக்கு வருவதற்கே இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. கல்லைச் சுமந்துவர மாட்டுவண்டியும் ஆற்றுவழியுமே கதி. மழைக்காலத்தில் சாலை சேறாகும். கோடையில் ஆறு வற்றும்.

மண் உலை வைத்திருந்த சேலத்து மக்கள் கல் இருக்கும் இடத்துக்கும் காடு இருக்கும் இடத்துக்கும் அருகிலேயே உலையை வைத்துக்கொண்டார்கள். கரி தீர்ந்தால் உலையை வேறிடத்தில் கட்டிக்கொள்வார்கள். களிமண்தானே, இரண்டு நாளில் கட்டிவிடலாம். ஹீத்தின் பெரிய உலையால் நகர முடியாது.

கரியின் கதையும் இதுவே. ஊது உலைக்குப் பசி அதிகம். ஒரு பங்கு இரும்பை உருவாக்க அதைப்போலப் பல பங்கு மரக்கரி வேண்டும். அந்த மரக்கரியை உருவாக்க அதைப்போலப் பல பங்கு விறகு வேண்டும். அரசு காடுகளில் மரம் வெட்டும் உரிமையைக் கொடுத்திருந்தது. ஆண்டுதோறும் மரம் வெட்ட வெட்டக் காடு உலையைவிட்டு விலகிச் சென்றுகொண்டே இருந்தது. கரி வரவேண்டிய தொலைவு கூடியது, கூலி கூடியது, இரும்பின் அடக்கவிலையும் கூடியது. வெட்டிய இடத்தில் மரம் நடும் எண்ணம் அன்று யாருக்கும் முதன்மையாகப் படவில்லை. சேலத்தைச் சுற்றியுள்ள குன்றுகள் சில இன்று மொட்டையாக நிற்பதற்கு இந்த ஆலை மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது. ஒரு காரணமும் இல்லை என்றும் சொல்ல இயலாது.

வெப்பமண்டலத்தில் ஐரோப்பிய உலையை இயக்கும் பட்டறிவு அன்று அரிது. இங்கிலாந்தில் ஓர் எந்திர உறுப்பு உடைந்தால் மறுவாரம் வேறு வாங்கலாம். பரங்கிப்பேட்டையில் உடைந்தால், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு கப்பல் வரும்வரை பல மாதங்கள் காத்திருக்கவேண்டும். அதுவரை உலை குளிர்ந்து கிடக்கும். கடனுக்கான வட்டி மட்டும் குளிர்வதில்லை.

தனியொருவரின் பொருளால் தாங்க முடியாத நிலை வந்தபோது, 1833இல் ஆலை பங்குதாரர்களைக் கொண்ட ஒரு நிறுவனமாயிற்று. மலபார்க் கரையில் கோழிக்கோட்டுக்கு அருகே பேப்பூரிலும் உலைகள் எழுந்தன. பரங்கிப்பேட்டை இரும்பு ஷெபீல்டுக்குச் சென்றது. அங்கே அதன் தரம் பாராட்டப்பட்டது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், மெனாய் நீரிணையின் குறுக்கே 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா குழாய்ப் பாலத்தில் இவ்விரும்பு பயன்பட்டதாகப் பல நூல்கள் கூறுகின்றன. அதே நீரிணையில் உள்ள தொங்குபாலத்திலும் பயன்பட்டதாகச் சிலர் எழுதுகின்றனர். அத்தொங்குபாலம் திறக்கப்பட்டது 1826இல். பரங்கிப்பேட்டை உலை எரியத் தொடங்கியது அதற்குப் பிறகு. நம் ஊரின் பெருமையே ஆனாலும் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தபின் பேசவேண்டும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

தரம் உயர்ந்திருந்தும் ஆதாயம் வரவில்லை. ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பினார். கையில் பொருள் இல்லை. ஆனால் சேலத்து உலைகளின் அருகே நின்று கற்ற ஒன்று அவர் நெஞ்சில் இருந்தது: உருக்கோடு சிறிதளவு வேறொன்றைச் சேர்த்து மூசையை மூடினால் அதன் இயல்பே மாறும்.

ஷெபீல்டில் அவர் ஆய்வு செய்தார். 1839ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் முதன்மையானது. அவ்வாண்டில் இந்திய இரும்பையும் உருக்கையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை, ராயல் ஆசியச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் இட்டு உருக்குச் செய்யும் முறையை நாம் இன்று விரிவாக அறிவதற்கு அக்கட்டுரை ஒரு காரணம். எகிப்தியர் கடுங்கற்களில் எழுத்துச் செதுக்கப் பயன்படுத்திய கருவிகள் இந்திய உருக்கால் ஆனவை என்றும் அதில் அவர் வாதிட்டார். அக்கருத்துக்குச் சான்று போதாது. இன்றைய ஆய்வாளர் அதனை ஏற்பதில்லை. ஆனால் கம்பெனி அதிகாரி ஒருவர், சிற்றூர்த் தொழிலாளரின் கலையை இவ்வளவு உயர்வாக எண்ணினார் என்பதை நாம் கருதிப்பார்க்கலாம். ஒரு குறையும் உண்டு. தமக்கு அக்கலையைக் காட்டியவர்களுள் ஒருவரின் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை. செடிகளுக்கு இலத்தீன் பெயர்கள் கட்டுரையில் கிடைக்கின்றன. துருத்தி அமுக்கியவருக்கு எப்பெயரும் இல்லை.

அதே 1839இல், ஏப்ரல் திங்களில், ஹீத் ஒரு காப்புரிமை பெற்றார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குத் தம் அனுமதியின்றிப் பிறர் அதைப் பயன்படுத்தாமல் தடுக்கச் சட்டம் தரும் உரிமையே காப்புரிமை. ஹீத் கண்டறிந்தது இது: மூசையில் உருக்கை உருக்கும்போது, மாங்கனீசும் கரிமமும் சேர்ந்த கூட்டுப்பொருளை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை சேர்த்தால், சாதாரண ஆங்கில இரும்பிலிருந்தே நல்ல உருக்குக் கிடைக்கும். அந்த உருக்கைச் சூடாக்கி அடித்தால் விரிசல் விடாது. வேறு இரும்போடு பற்றவைக்கவும் இயலும். மாங்கனீசு, இரும்பில் உள்ள கந்தகத்தையும் ஆக்சிசனையும் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது என்பது இன்று பள்ளிப் பாடத்தில் வரும் செய்தி. ஹீத் காலத்தில் அக்காரணம் தெளிவாகத் தெரியாது. பயன் தெரிந்தது.

ஷெபீல்டு நகரம் விழித்துக்கொண்டது. சுவீடன் இரும்புக்காக வெளியே சென்ற பணம் மிஞ்சத் தொடங்கியது. உருக்கின் விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பரங்கிப்பேட்டையில் தோற்ற மனிதர் ஷெபீல்டில் வென்றுவிட்டார் என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஹீத் தாம் உருவாக்கிய மாங்கனீசுக் கூட்டுப்பொருளைச் சிறு பொதிகளாகக் கட்டி உருக்கு உற்பத்தியாளர்களுக்கு விற்றார். அதனை விற்க அந்நகரில் அன்வின் என்பவர் அவருக்கு முகவராக இருந்தார். கூட்டுப்பொருளைத் தனியே உருவாக்குவதற்குச் செலவு மிகுதி. பிறகு ஹீத் எளிய வழியொன்றைக் கண்டார். மலிவாகக் கிடைக்கும் மாங்கனீசு ஆக்சைடையும் கரிமப் பொருளையும் அப்படியே மூசைக்குள் இட்டுவிட்டால், உலையின் வெப்பத்திலேயே கூட்டுப்பொருள் உருவாகிவிடும். தனியாகச் செய்து சேர்க்கவேண்டியதில்லை. இந்த எளிய வழியை அவர் தம் முகவரிடம் சொன்னார்.

முகவர் சில காலத்துக்குப் பின் உறவை முறித்துக்கொண்டு, அந்த எளிய வழியில் தாமே உருக்குச் செய்யத் தொடங்கினார். ஹீத்துக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. காப்புரிமையில் எழுதியிருப்பது கூட்டுப்பொருள். நான் மூசையில் இடுவதோ ஆக்சைடும் கரியும். இரண்டும் வேறு என்பது அவருடைய வாதம். மற்ற உற்பத்தியாளர்களும் அவ்வாறே செய்தார்கள்.

ஹீத் வழக்குத் தொடுத்தார். மூசைக்குள் இரும்பு உருகுவதற்கு முன்பே கூட்டுப்பொருள் தோன்றிவிடுகிறது; ஆகவே பயன்படுவது என் கண்டுபிடிப்பே என்றார். மூடிய மூசைக்குள், எவரும் கண்ணால் காண இயலாத செந்தழலில், எது எப்போது உருவாகிறது என்பதே வழக்கின் கேள்வி ஆயிற்று. வேதியியல் அறிஞர்கள் சாட்சி சொன்னார்கள். ஒரு மன்றம் ஒருவாறு கூறியது. மேல்மன்றம் வேறுவாறு கூறியது. ஷெபீல்டு உற்பத்தியாளர் பலர் கூடிப் பொருள் திரட்டி எதிர்த்தரப்பைத் தாங்கினர். ஹீத்தின் தரப்பில் ஹீத் மட்டுமே இருந்தார்.

ஒரு கேள்வி உங்களுக்குத் தோன்றலாம். எளிய வழியைக் கண்டவுடன் அதையும் ஏன் அவர் காப்புரிமையில் பதிந்துகொள்ளவில்லை? முதல் காப்புரிமையே அதையும் காக்கும் என்று அவர் நம்பியிருக்கலாம். புதிய காப்புரிமைக்கு அன்று பெருஞ்செலவு ஆகும். அவரிடம் அப்போது பணம் இல்லை. இரண்டும் என் ஊகமே. காகிதத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் அவர் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். வகுப்பில் தேர்வுத்தாளைத் திருத்தும்போதெல்லாம், விடை தெரிந்திருந்தும் முழுமையாக எழுதாமல் விட்ட பிள்ளைகளைக் காணும்போது, இவர் என் நினைவுக்கு வருவதுண்டு.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1851இல் ஹீத் காலமானார். தீர்ப்பு அப்போதும் வரவில்லை. இறக்கும்போது அவர் வறியவர். அவருடைய முறையால் செல்வரான உற்பத்தியாளர்கள் நிறைந்த காலம் அது. அவருக்குப் பின்னும் வழக்கு நடந்தது. இறுதியில் பிரிட்டனின் மேலவையாகிய பிரபுக்கள் அவைக்குச் சென்றது. அங்கே கருத்துக் கேட்கப்பட்ட நீதிபதிகளும் ஒருமித்துச் சொல்லவில்லை. 1855இல் தீர்ப்பு ஹீத் தரப்புக்கு எதிராக அமைந்தது.

மறு ஆண்டு, 1856இல், ஹென்றி பெஸ்ஸிமர் உருகிய இரும்பினூடே காற்றைச் செலுத்தி, சில நிமிடங்களில் பெருமளவு உருக்கைச் செய்யும் முறையை உலகுக்கு அறிவித்தார். ஆனால் பிறர் அம்முறையில் செய்த உருக்கு அடித்தால் உடைந்தது. ராபர்ட் மஷெட் என்பவர் மாங்கனீசு கலந்த இரும்பை அதில் சேர்த்துக் குறையைப் போக்கினார். தொடர்வண்டித் தண்டவாளங்களும் கப்பல்களும் உருக்கால் ஆகும் காலம் அதன்பின் வந்தது. மஷெட்டும் தம் காப்புரிமையை இழந்தார். முத்திரைக் கட்டணம் உரிய காலத்தில் செலுத்தப்படாமல் போயிற்று. மாங்கனீசுக்கும் காப்புரிமைக்கும் பொருந்தாது போலும்! எனினும் மஷெட்டுக்குப் பின்னாளில் பெஸ்ஸிமர் ஆண்டுக்கு முந்நூறு பவுன் உதவித்தொகை கொடுத்தார். ஹீத்துக்கு அத்தகைய முதுமையும் வாய்க்கவில்லை.

பரங்கிப்பேட்டை ஆலை என்னவாயிற்று? 1853இல் நிறுவனம் பெயர் மாறிக் கிழக்கிந்திய இரும்பு நிறுவனம் ஆயிற்று. சேலம் மாவட்டத்தில் காவிரிக்கரையிலும் திருவண்ணாமலையிலும் உலைகள் அமைத்துப் பார்த்தார்கள். தாது இருக்கும் பக்கமாகவே உலை நகரவேண்டும் என்பது அவர்களுக்கும் காலம் கடந்து விளங்கியது. கரிப் பஞ்சம் அங்கும் தொடர்ந்தது. இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. 1860களின் பிற்பகுதியில் உலைகள் அணைந்தன. 1874இல் நிறுவனமே கலைக்கப்பட்டது. அந்த மலிவான இரும்பு ஹீத்தின் ஆலையை மட்டும் அணைக்கவில்லை. சேலத்துச் சிற்றூர்களின் மண் உலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. உருக்குச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் வயல்வேலைக்கும், தோட்ட வேலைக்கும், வேற்றூர் வேலைக்கும் சென்றார்கள். பெங்களூரு இராணுவக் குடியிருப்புப் பகுதிக்குக் கட்டட வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களுள் அத்தகையோர் எவரேனும் இருந்தார்களா என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை.

மரக்கரியால் இரும்பு உருக்கும் எண்ணம் நம் கருநாடகத்தில் மீண்டும் எழுந்தது. 1923இல் பத்ராவதியில் மைசூர் அரசின் இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதனை உருவாக்கி வளர்த்தவர் சர் மோ. விசுவேசுவரய்யா. அங்கே தாதுவும் காடும் ஆலைக்கு அருகிலேயே இருந்தன. பின்னர் மின்சார உலைகளும் வந்தன. கஞ்சமலை அடிவாரத்தில் 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை இயங்கத் தொடங்கியது. அது துருப்பிடிக்காத உருக்கைத் தகடாக்குகிறது. உங்கள் வீட்டு அடுக்களையில் உள்ள தட்டோ குவளையோ அத்தகட்டால் ஆனதாகவும் இருக்கலாம். மலையில் உள்ள கருங்கற்களோ ஹீத் பார்த்த இடத்திலேயே பெரும்பாலும் கிடக்கின்றன.

சொல்லும் பொருளும்

துருத்தி – உலைக்குக் காற்று ஊதும் தோற்கருவி
மூசை – உலோகத்தை உருக்கும் சிறு மண்கலம்
கசடு – உலோகத்தில் கலந்துள்ள அழுக்கு
முகத்துவாரம் – ஆறு கடலோடு சேருமிடம்
முகவர் – ஒருவருக்காக வணிகம் செய்பவர்
பட்டறிவு – செய்து பார்த்துப் பெற்ற அறிவு

பயிற்சி

1. சேலத்து மண் உலைக்கும் பரங்கிப்பேட்டை உலைக்கும் உள்ள வேறுபாடுகளை உம் சொற்களில் எழுதுக.

2. நீர் நீதிபதியாக இருந்தால் ஹீத்தின் வழக்கில் என்ன தீர்ப்புக் கூறியிருப்பீர்? பத்து வரிகளில் காரணத்துடன் எழுதுக.

3. உலை, துருத்தி, சம்மட்டி, குறடு, பட்டறை, உளி: இச்சொற்களை வீட்டில் பெரியோரிடம் கூறி, அவர்கள் ஊரில் இவற்றை எங்கே பார்த்தார்கள் என்று கேட்டு எழுதி வருக. இவற்றின் கன்னடப் பெயர்களையும் அறிந்து அருகில் எழுதுக.

4. படப்புத்தகத்தில் சேலம், பரங்கிப்பேட்டை, பேப்பூர், பத்ராவதி ஆகிய ஊர்களைக் குறித்து, சேலத்திலிருந்து ஒவ்வொன்றும் எத்திசையில் உள்ளது என்று எழுதுக.